அக்காவின் மூக்கும் மாமாவின் பெஞ்சும்

பெட்ரோலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தப் படகுத்துறையில் என் பட்டறைக்கு வராத எஞ்சின் கிடையாது. எது ஒழுகும், எது புகையும், எந்த முதலாளி ஆயில் மாற்றாமலே மாற்றிவிட்டதாகப் புளுகுவார், எல்லாம் எனக்கு அத்துப்படி. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கிரீஸ் வேலை என்று கேட்டவர்களே இப்போது படகை இழுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

என்னிடம் நம்ப முடியாதது ஒன்றே ஒன்றுதான், என் மூக்கு. வருஷக்கணக்காகப் பெட்ரோலில் ஊறிய மூக்கு. பக்கத்தில் ஒரு கேன் கவிழ்ந்தாலும் காற்று சுகமாக இருக்கிறது என்றுதான் சொல்லும். அதனால் கையாலும் வெள்ளைத் துணியாலும் சோப்புத் தண்ணீராலும்தான் நான் ஒழுகலைத் தேடுவேன். துணி பொய் சொல்லாது.

அன்று காலை என் அக்கா பட்டறைக்கு வந்தாள். வழக்கமாக உள்ளே நுழையும்போதே என் தலைமுடியைப் பற்றி ஏதாவது குறை சொல்வாள். அன்று ஒன்றும் சொல்லாமல் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியில் உட்கார்ந்தாள்.

அக்கா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் தலைமைச் சமையல்காரி. சில மாதங்களுக்கு முன் கடுமையான காய்ச்சலில் படுத்து ஆஸ்பத்திரிவரை போய்வந்தாள். காய்ச்சல் போகும்போது அவள் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எந்த வாசனையும் தெரியவில்லை. பிறகு மெல்லத் திரும்பி வந்தது, ஆனால் கோணல்மாணலாக வந்தது. காபி ரப்பர் எரிவதுபோல் நாறியது. நல்ல சோப்பு அழுகல்போல் நாறியது. கொஞ்ச காலத்துக்கு இல்லாத வாசனைகூட இருப்பதுபோல் தெரியும், தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் அன்றிலிருந்து அக்காவின் வாய்க்குப் பூட்டு விழுந்தது. அவள் எதை முகர்ந்து என்ன சொன்னாலும் பாவம், உடம்பு சரியில்லை என்று எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது அவளுக்கு அவள் புருஷன், அதாவது என் மாமாவின் படகில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. மாமா இல்லவே இல்லை என்கிறார். மாமா கெட்டவர் இல்லை. கோபமாகச் சொன்னால் திருப்பிச் சண்டையாவது போடலாம். அவரோ நோயாளியிடம் பேசுகிற கனிவோடு சொல்கிறார். அந்தக் கனிவைக் கேட்டால் எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

"படகுல வாசனை இருக்கா, இல்ல என் தலையில இருக்கான்னு நீ பார்த்து சொல்லிடு," என்றாள் அக்கா. "படகுல இல்லைன்னா நான் கேண்டீன் வேலைய விட்டுடறேன். அத்தனை பேர் சாப்பிடற சாப்பாடு. எது கெட்டது, எது நல்லதுன்னு தெரியாதவ அடுப்பு முன்னாடி நிக்கக் கூடாது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவள் முகமே சொன்னது. அந்த அடுப்படியை அவள் எப்படிக் கட்டி ஆள்கிறாள் என்று எனக்குத் தெரியும். மேனேஜரே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். அதை அவள் விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது. கூடவே இன்னொரு பயமும் இருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே பறந்து போகாது, படகின் தரைப்பலகைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கேயாவது ஒரு பொறி விழுந்தால் போதும், படகும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார்கள். கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

மாமா தச்சர். அலமாரியும் கட்டிலும் செய்கிறவர். அந்தப் படகை வெறும் கூடாக வாங்கிவந்து, உள்ளே ஒரு வரவேற்பறையையே கட்டிவிட்டார். எஞ்சின் பழசு, பெட்ரோலில் ஓடுவது. கேபினின் இடப்பக்கம் நீளமாக ஒரு பெஞ்ச் உண்டு. அக்கா காய்ச்சலிலிருந்து எழுந்து வருகிற சமயத்தில், படகில் வந்தால் படுத்துக்கொள்ளட்டும் என்று அவளுக்காகவே செய்தது. மெத்தை வைத்து, முதுகுக்குப் பலகை வைத்து, ஒரு திருகாணித் தலைகூடக் கண்ணில் படாதபடி மரத்துண்டால் அடைத்து இழைத்திருப்பார். படகில் ஏறுகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்து இரண்டு வார்த்தை பாராட்டாமல் அவர் எஞ்சினைக் கிளப்பவே மாட்டார்.

"வாங்க இஞ்சினியரம்மா, என் படகுக்கு ஜலதோஷமா?" என்று வரவேற்றார். நான் சிரிக்கவில்லை. முதல் வேலையாகப் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். எல்லாக் கதவையும் மூடியையும் திறந்து காற்றாட விட்டேன். பிறகு எஞ்சினிலிருந்து ஆரம்பித்தேன். கார்பரேட்டர், பம்ப், ஃபில்டர், டாங்கின் மேல்தட்டு, அங்கிருந்து எஞ்சினுக்கு வரும் குழாய் என்று ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி நுரைக்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் கிரீஸ் வந்தது, தூசி வந்தது, ஈரம் மட்டும் வரவில்லை. பெஞ்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மேல்தளத்திலிருந்து டாங்குக்குப் பெட்ரோல் இறங்குகிற குழாய் மட்டும்தான், நல்ல தடிமனான குழாய், பார்க்க வேண்டுமானால் பெஞ்சை உடைக்க வேண்டும் என்றார் மாமா. உடைப்பது என்று சொல்லும்போதே அவருக்கு உடம்பு வலித்தது.

அக்காவை உள்ளே கூப்பிட்டேன். அவள் இறங்கி வந்து, நின்று நிதானமாக முகர்ந்தாள்.

"இன்னைக்கு இல்ல," என்றாள்.

மாமா ஜெயித்ததுபோல் சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவர் அக்காவின் தோளை மெதுவாகத் தட்டினார். அக்கா பையை எடுத்துக்கொண்டு, சரி, தெரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கரையில் ஏறினாள். அவள் முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால்தான் மூளை வேலை செய்யும், அது என் சுபாவம். அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"நில்லுக்கா," என்றேன். "உன் தலையில இருக்கற வாசனைன்னா இன்னைக்கும் அடிச்சிருக்கணுமே. தலைக்கு என்ன, இன்னைக்கு லீவா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். எந்தெந்த நாளில் அடிக்கிறது என்று கேட்டேன். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். விடுமுறை நாளில் இருவரும் வெளியே கிளம்பும்போது அடிக்கும். போகப் போகக் குறையும். திரும்பி வரும்போது இருக்காது. மாமா பக்கம் திரும்பினேன். அவர் வார நாளில் சாயங்காலம் தனியாக வந்து படகில் ஏதாவது இழைத்துக்கொண்டிருப்பார், அப்போது ஒரு நாளும் வாசனை வந்ததில்லையாம். சரி, வெளியே கிளம்புவதற்கு முன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இது என்ன கேள்வி, பெட்ரோல் போடுவேன் என்றார்.

"எவ்வளவு போடுவீங்க?"

"வாய் வரைக்கும்," என்றார் மாமா, ரோஷத்தோடு. "அரைகுறையா ஊத்தற பழக்கம் நமக்குக் கிடையாது."

உண்மைதான். மனிதர் டீ ஊற்றினாலும் தட்டில் வழிய வழிய ஊற்றுவார். எனக்கு அப்போது பளிச்சென்று எல்லாம் புரிந்தது. அக்கா ஏறுவது டாங்க் நிரம்பிய நாளில். அன்றைக்குப் பெட்ரோல் போட்ட கையோடு இருக்கிற மாமாவுக்கு அது தனியாகத் தெரிந்திருக்காது. மாமா தனியாக இருப்பது பெட்ரோல் பாதி தீர்ந்த நாளில். இரண்டு பேரும் சத்தியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நானும் பாதி டாங்கை வைத்துக்கொண்டு காலையெல்லாம் துணியால் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எஞ்சினைத் தொடாமல், கயிற்றைப் பிடித்துப் படகைத் துறையோரப் பெட்ரோல் பம்புக்கு இழுத்துப் போனோம். பேட்டரி ஒயர் கழற்றியது கழற்றியபடியே கிடந்தது. வழக்கம்போல் வாய் வரைக்கும் போடச் சொன்னேன். பிறகு பம்பை விட்டு விலகி நிறுத்தி, மாமாவின் கையில் தீயணைப்பு சிலிண்டரைக் கொடுத்துக் கரையிலேயே நிற்கவைத்துவிட்டு, அக்காவோடு கேபினுக்குள் இறங்கினேன். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். என் மூக்கு வழக்கம்போல் எல்லாம் சுகம் என்றது.

அக்கா எஞ்சின் பக்கம் போய்க் குனிந்தாள், இல்லையென்று தலையாட்டினாள். முன்பக்கம் போனாள், அங்கும் இல்லை. பிறகு பெஞ்சின் முன்னால் மண்டிபோட்டு, மெத்தைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் முகத்தை வைத்தாள்.

"இங்க," என்றாள். உடனே குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தோணுதோ என்னவோ."

தோணுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, ஒரு கம்பி நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அந்த இடுக்கில் ஆழமாக விட்டு இழுத்தேன். சொதசொதவென்று நனைந்து வந்தது. அதை அப்படியே கரைக்குக் கொண்டுபோய் மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் முகம் செத்துவிட்டது.

டாங்கிலிருந்த பெட்ரோலைக் கைப்பம்பால் கேன்களுக்கு இறக்கி, கேபினை நன்றாகக் காற்றாட விட்டேன். பெஞ்சை நெம்பி எடுக்கலாம் என்று கடப்பாரையைத் தேடியபோது மாமா என் கையைப் பிடித்துத் தடுத்தார். அது தன் வேலை என்றார். உட்கார்ந்து, அடைத்த மரத்துண்டுகளை உளியால் ஒவ்வொன்றாகக் கிளப்பி, திருகாணிகளைக் கையாலேயே கழற்றினார். எல்லாம் குட்டையான திருகாணிகள். கடைசி மூலையில் இருந்தது மட்டும் கழற்றக் கழற்ற வந்துகொண்டே இருந்தது. பலகையை எடுத்ததும் தெரிந்தது. அந்த நீளத் திருகாணியின் நுனி பலகையைத் துளைத்துப் போய்ப் பின்னால் இருந்த குழாயில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. படகு ஆட ஆட அரித்து அரித்து ஓட்டை போட்டுவிட்டது. டாங்க் வாய் வரைக்கும் நிரம்பினால்தான் பெட்ரோல் அந்த உயரத்துக்கு வரும், வந்ததும் கசிந்து பெஞ்சுக்குப் பின்னால் இறங்கும்.

மாமா அந்தத் திருகாணியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெஞ்சை மாட்டியது அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளில், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம், குட்டைத் திருகாணி தீர்ந்துபோய்க் கிடைத்ததைப் போட்டு முடுக்கியிருக்கிறார்.

"உன் தலையில ஒண்ணும் இல்ல," என்று அக்காவிடம் சொன்னார். "ஓட்டை போட்டது நான். நீ படிச்சுப் படிச்சு சொன்ன, நான்தான் காதுலயே போட்டுக்கல."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. மாமாவைப் பார்த்து, போன வாரம் வீட்டில் பால் கெட்டிருக்கிறது என்று நான் சொன்னேனே, நன்றாகத்தான் இருக்கிறது என்றீர்களே, அது என்ன ஆயிற்று என்று கேட்டாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அது சாயங்காலமே திரிந்துவிட்டது, உன் மனசு கஷ்டப்படுமே என்று சத்தமில்லாமல் கொட்டிவிட்டேன் என்றார். அதற்குப் பிறகு அக்கா பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அத்தனை நாள் பூட்டியிருந்த வாய் அது. மாமா அத்தனையையும் வாங்கிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அக்காவைப் பார்க்க மனசு குளிர்ந்தது. கேண்டீனை விடுவதாக இருந்தாயே என்று நடுவில் கேட்டேன். யார் சொன்னது என்றாள்.

அடுத்த விடுமுறை நாளுக்குள் எல்லா வேலையையும் முடித்தேன். பழைய குழாயைப் பிடுங்கிவிட்டு, பெட்ரோலுக்கென்றே வருகிற புதுக்குழாயைப் பெஞ்சுக்கு எட்டாத வழியாகக் கொண்டுபோய், இரண்டு முனையிலும் இரட்டைக் கிளாம்ப் போட்டேன். தரைப்பலகைக்கு அடியில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் காயவைத்தேன். நனைந்த மெத்தையைத் தூக்கிப் போடச் சொன்னேன். மாமா குட்டைத் திருகாணியாகப் பொறுக்கியெடுத்துப் பெஞ்சை மறுபடி மாட்டினார். வெயிலில் பெட்ரோல் விரியும், இனி வாய் வரைக்கும் ஊற்றாதீர்கள், கொஞ்சம் இடம் விடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். கசப்பு மருந்து குடிக்கிறவர்போல் சரியென்றார். அந்த விடுமுறை நாள் காலையில் மட்டும் சோதனைக்காக நானே வாய் வரைக்கும் போட்டுப் பார்த்தேன். துணி காய்ந்துதான் வந்தது.

கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. காற்றை வெளியே தள்ளுகிற விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மாமா சாவியைத் துவாரத்தில் வைத்துவிட்டு நின்றார். அக்கா கேபினுக்குள் வந்து மூச்சை இழுத்தாள்.

"இன்னும் வருது," என்றாள்.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. நான் மாட்டிய குழாய், நான் முடுக்கிய கிளாம்ப், என் கண்ணால் பார்த்த துணி. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன்.

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. சாவியை உருவி அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய், அன்றுதான் பாலிஷ் போட்டு முடித்த பெஞ்சின் முன்னால் மண்டிபோட்டார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. பெஞ்சை விடுங்கள் என்று மட்டும் சொன்னாள். பிறகு எஞ்சின் பக்கம் ஒரு மூச்சு, டாங்க் பக்கம் ஒரு மூச்சு, பெஞ்ச் பக்கம் ஒரு மூச்சு என்று இழுத்துப் பார்த்தவள், நேராக என்னிடம் வந்து என் சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்தாள். பழைய குழாயைப் பிடுங்கிய அன்று போட்டிருந்த அதே சட்டை.

"இறங்குடி," என்றாள்.

இறங்கினேன். படகுக்காரர்கள் எல்லாரும் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிக்கொள்கிற என்னை, படகிலிருந்து இறக்கிவிட்டது அவள் ஒருத்திதான். கரையில் நின்று கயிற்றை அவிழ்த்து வீசினேன். அக்கா இன்னும் ஒருமுறை கேபினை முகர்ந்துவிட்டு, சரி என்று தலையாட்டி, தானே சாவியைப் போட்டுத் திருப்பினாள். எஞ்சின் முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது.