ஆறாவது பிளக்

“இது இல்ல,” என்று அவள் விரலால் தள்ளினாள். நீளமான ஸ்பேனர் கட்டிலில் விரித்திருந்த பழைய துண்டின் மேல் புரண்டு நின்றது. பல் டாக்டர் அதை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்ததை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. காலையிலிருந்தே கண்ணைத் திறப்பதை வீண் செலவாக நினைக்கிறவள் போல இருந்தாள்.

மச்சினிக்கு இது பொறுக்கவில்லை. சாகக் கிடக்கிறவள் கட்டிலில் கிரீஸும் இரும்புமா என்று கதவருகே நின்று முணுமுணுத்தாள். பெரிய டாக்டர் நேற்று வந்து பார்த்துவிட்டு, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

அவர் போன பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஷெட்டில் நிற்கும் தன் காரின் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும். பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, மேலே கூரை கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்த அவள், துருப்பிடித்த எலும்புக்கூடாக அதை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து உயிர் கொடுத்தாள். வேறு யாரும் அதில் கை வைத்ததில்லை. கிளினிக் அவருக்கு, ஷெட் அவளுக்கு என்பது கல்யாணமான புதிதில் ஆன ஒப்பந்தம். கார்தான் அக்காவுக்குப் புருஷன், நீங்க சின்ன வீடு அத்தான் என்று மச்சினி கேலி செய்வாள்.

பல் டாக்டர் போய்ச் சாவியைத் திருப்பினார். மாதக்கணக்கில் நின்ற வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. ஷெட்டுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. கட்டிலருகே ஸ்டூலில் இருந்த டம்ளர் தண்ணீர் வளையம் வளையமாகக் கலங்கியது. சாதித்துவிட்ட முகத்தோடு உள்ளே வந்தவரிடம் அவள் டம்ளரைக் காட்டினாள்.

“ஆறுல ஒண்ணு பேசல. கடைசி பிளக்காத்தான் இருக்கும். அஞ்சுல ஓடற வண்டியக் கேட்டுட்டு நான் எப்படிப் போறது?”

ஆறு சிலிண்டர் எஞ்சின் அது; ஒவ்வொன்றிலும் தீப்பொறி தர ஒரு பிளக். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார். கூடாது என்றாள். எஞ்சினின் மேல்பாகம் அலுமினியம். பிளக்கைக் கோணலாக வைத்து ஒரு முறுக்கு முறுக்கினால் மரை போய்விடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, ஸ்பேனர் பிடித்த ஆத்திரக்காரனுக்கு அதுவும் கிடையாது என்பது அவள் கட்சி. நீங்களே செய்யுங்கள், ஆயுசு பூரா இருட்டுக் குழிக்குள் கைவிட்ட ஆள்தானே என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இந்தக் காலையில் கட்டில் மேல் கருவிப் பெட்டியும், அவள் ஷெட்டில் வாங்கி வைத்திருந்த ஆறு புது பிளக்கும். மாற்றினால் ஆறையும் மாற்ற வேண்டுமாம். தன்னால் முடியுமா என்று அவருக்குப் பயம். முடிக்கும்வரை அவள் இருப்பாளா என்பது அதைவிடப் பெரிய பயம்.

கல்யாண நாளுக்கு அவர் வாங்கித்தந்த பளபளப்பான ஸ்பேனர் செட்டை நீட்டினார். தொட்டதுமே அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. அது கண்ணாடி அலமாரிக்கு என்றாள். முறுக்குவதற்கான பெரிய ராட்செட் கைப்பிடியையும் ஒதுக்கினாள்; கைப்பிடி நீண்டால் பலத்தைக் காட்டத் தோன்றுமாம். குட்டியே போதும். பிளக்கின் தலையில் மாட்டித் திருகும் சாக்கெட்டுகளுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, ரப்பர் வளையம் வைத்ததை எடுத்தாள். பிளக்கின் பீங்கானை உடைக்காமல் கவ்விக்கொண்டு வருவது அது ஒன்றுதான். முதல் ஐந்துக்கும் நேரான நீளக் கம்பி. ஸ்டியரிங் தண்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஆறாவதற்கு, முழங்கை போல மடங்கும் கட்டைக் கம்பி. கடைசியாக ஒரு சாண் ரப்பர் குழாய்.

அது எதற்கு என்று கேட்டார். புது பிளக்கை இதன் நுனியில் செருகி விரலாலேயே திருகி இறக்க வேண்டும் என்று விட்டு விட்டுச் சொன்னாள். நேராகப் போனால் போகும். கோணலானால் குழாய் வழுக்கிவிடும், மரை பிழைத்துக்கொள்ளும். ராட்செட்டெல்லாம் கடைசியில்தான். குப்பையில் கிடக்கிற ரப்பர் துண்டை வைத்து இப்படி ஒரு காவல் போட்டவளோடா இத்தனை வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம் என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

மலைக்க இன்னொன்று மிச்சம் இருந்தது. புது பிளக்குகளின் நுனி இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். விசிறி போல விரியும் மெல்லிய தகடுகள் கொண்ட கேஜை அவள் கையில் கொடுத்தார். நேற்று ஒரு ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் மருந்தைக் கழுத்தில் கொட்டிக்கொண்ட விரல்கள் அவை. தகடுகளை மெல்லத் தடவின. ஒன்றைத் தாண்டின. இன்னொன்றைத் தாண்டி, யோசித்து, திரும்பி வந்து, ஒன்றை மட்டும் பிரித்து நிறுத்தின. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். அவள் நேற்றே சொல்லியிருந்த எண்தான். ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தலைமுடிக் கனம்கூட இருக்காது. கதவருகே முணுமுணுப்பு நின்றுவிட்டது. சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். உடம்பு மொத்தமும் கைவிட்ட பிறகும் கை மட்டும் தன் வேலையை இப்படிப் பத்திரமாக வைத்திருக்கும் என்று அவர் எந்த மருத்துவப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவருக்கு அவளைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. பெண்டாட்டியைக் கும்பிட்டுப் பழக்கமில்லாததால் துண்டின் ஓரத்தை மடித்துவிட்டார்.

ஆறு பிளக்கிலும் அவளே தகட்டை விட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நெடுநேரம் மூச்சு வாங்கினாள். அவர் எழுந்தபோது, கழற்றுவதற்கு முன் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள், குழிக்குள் மண் விழக் கூடாது என்றாள்.

“தெரியும். தினம் செஞ்ச வேலைதான. பல்லு பிடுங்கற மாதிரி.”

“இது பல்லு இல்ல டாக்டரே. எடுத்த எடத்துல திரும்ப ஒண்ண வைக்கணும்.”

அவர் ஆறு பிளக்கையும் கருவிகளையும் பொறுக்கிக்கொண்டார். பிறகு, பழைய கிளினிக் பையிலிருந்து வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஷெட் கதவை அகலத் திறந்து வைத்தார். ஒரு வயரைக் கழற்றி, பம்பால் ஊதி, அந்த பிளக்கை மாற்றி, அதே வயரை மாட்டிய பிறகே அடுத்ததுக்குப் போனார். ஐந்தும் சொன்ன பேச்சைக் கேட்டன. வெளியே வந்த பழசெல்லாம் பிஸ்கட் நிறத்தில் சுத்தமாக இருந்தன. நல்ல பற்கள் என்று நினைத்துக்கொண்டார். ஆறாவதன் முன் குனிந்து, “கொஞ்சம் வலிக்கும்,” என்று பழக்க தோஷத்தில் காரிடம் சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

குட்டிக் கண்ணாடி உதவவில்லை. அந்த இடுக்கில் கை போனால் கண்ணாடி போகாது, கண்ணாடி போனால் கை போகாது. அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தோளைச் சாய்த்து, கையை மடக்கி, மணிக்கட்டைத் திருப்பியபோது ஒரே ஒரு வாகில் கை உள்ளே நுழைந்தது. அப்போது முழங்கை தானாக மட்கார்டின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து வழவழவென்றிருந்தது. அது அவள் முழங்கை ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடம்.

ஆறாவது கரிக்கட்டையாக வந்தது. புதியதை ரப்பர் குழாயில் செருகி இறக்கினார். குழாய் வழுக்கியது. கோணல். வெளியே எடுத்து, மூச்சை விட்டு, மறுபடி இறக்கினார். இந்த முறை அது பதறாமல் சுற்றிச் சுற்றி உள்ளே போய் உட்கார்ந்தது. குட்டி ராட்செட்டால் அதற்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான்.

மச்சினி ஷெட் வாசலில் வந்து நின்றிருந்தாள்.

“முடிஞ்சுதா அத்தான்?”

“ஒரு வயர்தான் பாக்கி.”

“முடிங்க,” என்றாள். அவள் குரல் எப்போதும் போல இல்லை.

அவர் வயரை அழுத்தி மாட்டினார். சாவியைத் திருப்பினார். இருமல் இல்லை, திணறல் இல்லை. ஆறும் ஒரே குரலாக எழுந்தன. பாட்டு வகுப்பில் அவள் கையைத் தூக்கியதும் பிள்ளைகள் தொடங்குவது அவருக்கு நினைவு வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. கேட்டிருப்பா இல்ல என்று திரும்பினார்.

மச்சினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அஞ்சாவதுக்குப் பம்பு அடிச்சீங்களே, அப்பவே அக்கா போயிட்டா அத்தான். கூப்பிடத்தான் ஓடி வந்தேன். ஆனா முன்னாடியே சொல்லி வெச்சிருந்தா. எது ஆனாலும் நடுவுல கூப்பிடாத, அவர் முடிக்கட்டும்னு.”

அவர் கையைத் துடைக்காமல் உள்ளே போனார். அவள் முகம் ஷெட் பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. விரல்களில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது. தன் கறைபட்ட கையால் அந்தக் கையை எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

வண்டியை அணைத்துவிடட்டுமா என்று பின்னாலிருந்து மச்சினி கேட்டாள். அவர் தலையை ஆட்டி வேண்டாமென்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆறும் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் கண்ணாடியில் சத்தமில்லை. ஸ்டூலில் டம்ளர் தண்ணீர் அசையாமல் இருந்தது.