மூன்று பாட்டில் தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கமருன்னிஸா சொல்வாள். முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்துகிறவள், அவளுக்குத் தெரியாதா. நீடாமங்கலத்தில் மோட்டார் பம்பு சாமான் கடை வைத்திருக்கிறேன். ஒரு வாஷர் வாங்க வந்து நாற்பது வாஷரைக் கிளறுகிற ஆளைக்கூட நான் சும்மா விட்டதில்லை. அப்படிப்பட்ட நான் தஞ்சாவூரில் ஒரு சின்னப் பெண்ணைப் பத்துப் பேருக்கு நடுவில் வைத்துத் திட்டிய கதை இது.

அன்று காலை என் மருமகள் அஃப்ரீனுக்கு இடது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. சுருண்டு படுத்துவிட்டாள். கமருன்னிஸா திருவாரூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தாள். மகன் ஜாஹித் லீவு முடிந்து சார்ஜா போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, கிட்னியில் கல்தான். எனக்கு வராத கல்லா? ஆறு வருடத்தில் மூன்று முறை சி.டி. ஸ்கேன் எடுத்து, அந்தப் பிலிம் கவர்களைக் கடையில் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். கல் என்று யார் பேச்செடுத்தாலும் இறக்கிக் காட்டுவேன். எங்கள் டாக்டர், "முதல்ல சாதாரண ஸ்கேன் பார்ப்போமே பாய்" என்றார். "சின்னதுல ஒண்ணும் தெரியாதுங்க, பெரிய ஸ்கேனே எழுதுங்க" என்று பிடிவாதமாக எழுதி வாங்கினேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அஃப்ரீனுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. அதை அவள் ஜாஹித்திடம்கூடச் சொல்லவில்லை. காரணம் நான்தான். போன வருடம் நாற்பதாம் நாளே விஷயம் தெரிந்து, கடைத்தெரு முழுக்க அல்வா கொடுத்தேன். பத்தே நாளில் அது தங்காமல் போய்விட்டது. அல்வா தின்ற அத்தனை வீட்டிலிருந்தும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். நாலு நாள் அந்தப் பெண் அறைக்கதவைத் திறக்கவில்லை. இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை மூச்சு விடுவதில்லை என்று தனக்குள் முடிவு செய்திருக்கிறாள்.

ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் நின்றோம். காரின் பின் சீட்டில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தஞ்சாவூர் ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தபோதே நான் கொதித்துப் போயிருந்தேன்.

சி.டி. அறை வாசலில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். மெஷினை இயக்குகிறவள் அவள்தான். எழில்மொழி என்று கோட்டில் பெயர் குத்தியிருந்தது. சீட்டைப் படித்துவிட்டு அஃப்ரீனிடம் கேட்டாள். "கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்துச்சு?"

"அவ புருஷன் வெளிநாட்டுல இருக்கான்மா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சீக்கிரம் எடு" என்று நான் பதில் சொன்னேன்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் அவள், அஃப்ரீனையே பார்த்து.

"ஒண்ணும் இல்லக்கா."

மாமனார் பக்கத்தில் நிற்கும்போது எந்த மருமகள் வேறு மாதிரி சொல்வாள்? இது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு உறைத்திருக்கிறது. என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, மூணு பாட்டில் தண்ணி வேணும். எதிர்ச்சாரியில மருந்துக்கடை தாண்டி ஒரு கடை இருக்கு. வாங்கிட்டு வந்துடுங்க. ஜில்லுன்னு வேண்டாம்."

வெயிலில், அறுவடை மிஷின் ஏற்றிய லாரிகளுக்கு இடையில் ரோட்டைக் கடந்து, கூட்டத்தில் நின்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். சி.டி. அறை காலியாக இருந்தது. அறைக்கதவின் பின்னாலேயே பெரிய தண்ணீர் கேன், டம்ளரோடு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"டாக்டரம்மா அவங்களுக்கு அல்ட்ராசவுண்ட், அதான் சாதாரண ஸ்கேன், பார்த்துக்கிட்டிருக்காங்க" என்றாள் எழில்மொழி. கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட்டோடு வந்தாள். "கல் தெரிஞ்சிடுச்சுங்க. அஞ்சு எம்.எம். மூத்திரப்பைகிட்ட இறங்கிடுச்சு. தானா வந்துடும். சி.டி. வேண்டாம்னு டாக்டரம்மா உங்க டாக்டருக்கும் போன் பண்ணிட்டாங்க."

"நான் கேட்டது பெரிய ஸ்கேன். மெஷின ஓட்டத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. தண்ணிய இங்கேயே வச்சுக்கிட்டு வயசான மனுஷன எதுக்கு வெயில்ல அலையவிட்டே?"

அவள் ரிப்போர்ட்டை என் பக்கம் நீட்டினாள். அதில் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. மேனேஜரைக் கூப்பிட்டேன். வேலை தெரியாதவர்களை வைத்து என்ன சென்டர் நடத்துகிறீர்கள் என்று கத்தினேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். மேனேஜர் அவளிடம், "ஐயாகிட்ட மன்னிப்புக் கேளும்மா" என்றார்.

"மன்னிச்சிடுங்கய்யா" என்றாள் எழில்மொழி.

காரில் அஃப்ரீன் அழுதுகொண்டே வந்தாள். வலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் கல் வெளியே வந்தது. அடுத்த மாதம், ஜாஹித் வீடியோ காலில் இருக்கும்போது, அஃப்ரீன் விஷயத்தைச் சொன்னாள். கமருன்னிஸா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் மனதுக்குள் வாரங்களைக் கூட்டிப் பார்த்தேன். "அப்போ அன்னைக்கு ஸ்கேனுக்குப் போனப்ப?" என்றேன்.

"நீங்க தண்ணி வாங்கப் போனதும் அந்த அக்கா கதவைச் சாத்திட்டுத் திரும்பக் கேட்டாங்க மாமா. சொல்லிட்டேன். அந்த சி.டி. மெஷின் கதிர் ஒரு தடவை பட்டாலே புள்ளைக்கு ஏதாவது ஆயிடும்னு இல்ல, ஆனா வேற வழி இருக்கப்ப எதுக்குன்னாங்க. நாளைக்குப் புள்ளைக்கு ஒரு சளி புடிச்சாக்கூட இதனாலதானோன்னு நீ உன்னையே குத்தம் சொல்லிக்கிட்டிருப்பேன்னாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கான்னு நான் அவங்க கையப் புடிச்சுக்கிட்டேன். நீயா சொல்ற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாதுன்னாங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று சி.டி. எடுத்திருந்து, பிறகு விஷயம் தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும். இந்தப் பிள்ளை வேண்டாம், கதிர் பட்டுவிட்டது என்று முதலில் கத்தியிருப்பவன் நான்தான். அந்தப் பெண் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் மூடியிருக்கும். சொல்லவில்லை. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். வேலை தெரியாதவள் என்று அவளைச் சொன்ன என் நாக்கை என்ன செய்வது?

ஜாஹித் அனுப்பிய பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனேன். அல்வாவைத் தொடவில்லை. எழில்மொழி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அன்னைக்கு என் மருமகளுக்கு நீ செஞ்சதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த மருமகளுங்க? தெனம் நிறைய பேர் வர்றாங்க. ஞாபகம் இல்லய்யா."

"அவளே சொல்லிட்டாம்மா."

"என்ன சொன்னாங்கன்னு தெரியலீங்க" என்றவள், கொஞ்சம் தயங்கி, "அந்தக் கல்லு வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தலையை ஆட்டினேன். என் மூன்று சி.டி. பெருமையைச் சொன்னதற்கு, "அடுத்த தடவை வலிச்சா மொதல்ல சாதாரண ஸ்கேன் பாருங்கய்யா. கதிர சும்மா சும்மா உடம்புல ஏத்திக்க வேணாம்" என்றாள். ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கவர்களை ஆணியிலிருந்து இறக்கிவிட்டேன்.

நான் கிளம்பும்போது, தோளில் துண்டோடு ஒரு பெரியவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் இடுப்பைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பாதான் பதில் சொன்னார். எழில்மொழி அவரிடம், "ஐயா, மூணு பாட்டில் தண்ணி வேணும்" என்றாள்.

"அதான் கதவுக்குப் பின்னால கேன் இருக்கேம்மா" என்றார் அவர். என்னைவிடக் கண் கூர்மையான ஆள். எழில்மொழி கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான் போய் அவர் கையைப் பிடித்தேன். "அந்தத் தண்ணி ஆகாதுங்க. எனக்கும் இதேதான் சொன்னாங்க. வாங்க, கடையை நான் காட்டறேன்."

ரோட்டைக் கடந்து அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். பொண்ணு அங்கே வலியில் துடிக்குது, நீங்க டீ குடிக்கச் சொல்றீங்களே என்று அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. திட்டட்டும் என்று இன்னொரு டீ சொன்னேன்.