கொத்துக் கத்திக்குத் தாங்கிய துண்டு

வட்டவளையில் பழைய கராஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தனுஜாவும் அவள் கணவன் ஜீவராஜும் சோயா மாவில் இறைச்சி போலச் செய்யும் சோயா மீட் தயாரித்து விற்றுவந்தார்கள். கோழி விலை ஏறியதிலிருந்து தேயிலைத் தோட்டத்துச் சனம் அதைத்தான் தேடியது. விலையை இன்னும் குறைக்கலாம் என்று தனுஜா சோயா மாவோடு கௌப்பிப் பயற்று மாவைக் கலந்தாள். அதில்தான் வினை வந்தது. ஹட்டனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சரிபுதீன் நானா வாங்கிப்போன துண்டுகள், கொத்து ரொட்டிக் கல்லில் கத்தி பட்டதும் தூளாகிப் போயின. இன்னொரு தடவைதான் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தவர் அன்று மத்தியானம் வருவதாக இருந்தார்.

புரதம் சூட்டில் இளகி, அமுக்கத்தோடு மாவைப் பிழியும் மெஷினின் ஒடுங்கிய அச்சு வழியாக வரும்போதுதான் நாராகப் பிடித்துக்கொள்ளும். கௌப்பியில் புரதம் குறைவு, மாப்பொருள் அதிகம். அதனால் அன்று காலை தனுஜா தண்ணீரைக் குறைத்துச் சூட்டைக் கூட்டினாள். முதலில் வந்த பட்டையைப் பிய்த்தாள். கோழி நெஞ்சுக்கறி போல நார் நாராகப் பிரிந்தது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் மெஷினின் சத்தம் மாறியது. கருகல் வாடை அடித்தது. அச்சு அடைத்துக்கொண்டு எதுவும் வரவில்லை. ஜீவராஜ் மோட்டரை நிறுத்தினான். ஆனாலும் அமுக்க மீட்டரின் முள் சிவப்பிலிருந்து இறங்கவில்லை. தனுஜா ஓடிப்போய் ஹீட்டரை அணைத்துவிட்டுத் திரும்பினால், அவன் ஸ்பேனரோடு அச்சின் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"விட்டுட்டு வாங்க. உள்ளுக்கு ஆவி இருக்கு."

"ஆறவிட்டா உள்ளுக்கே கல்லாயிரும். நானா வர்ற நேரம்."

அச்சுத் தகட்டின் ஓரத்தில் மெல்லியதாக ஒரு சீறல் கேட்டது. தனுஜா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துப் பலம்கொண்டமட்டும் இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். தகடு பிய்த்துக்கொண்டு பறந்தது. கொதிக்கும் மாவுக்கட்டி எதிர்ச் சுவர்த் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. கராஜ் முழுக்க ஆவி. ஜீவராஜின் வலது முன்கை சிவந்து பொங்கியது. தலை தப்பியிருந்தது.

நானா வந்தபோது அவன் கையை வாளித் தண்ணீரில் வைத்திருந்தான். நானா அவனைத் தன் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கட்டுப்போட்ட பிறகுதான் மூவரும் நானாவின் கடைக்குப் போனார்கள். தனுஜா எடுத்துவந்திருந்த, முதலில் வந்த ஒரு கைப்பிடிப் பட்டையை ஊறவைத்து, மசாலா போட்டு, நானாவே கல்லில் கொட்டினார். கத்திகள் தடதடவென்று விழுந்தன. தனுஜா கல்லோரம் குனிந்து பார்த்தாள். துண்டுகள் கிழிந்தன, ஆனால் தூளாகவில்லை.

நானா ஒன்றை எடுத்து மென்றார்.

"கௌப்பி வாசம் கொஞ்சம் அடிக்குது தங்கச்சி. பரவாயில்ல, தாங்குது. நாளையிலருந்து குடுப்பீங்களா?"

தனுஜா கணவனின் கட்டைப் பார்த்தாள்.

"இல்ல நானா. அமுக்கம் கூடினா தானா தொறக்குற வால்வு ஒண்ணு போடாம இனி நான் அந்த மெஷின ஓட்ட மாட்டேன். அதுவரைக்கும் நீங்க வேற யார்கிட்டயாவது வாங்குங்க."

ஜீவராஜ் தலைகுனிந்திருந்தான். அப்படியே சரியென்று தலையாட்டினான். நானா கத்திகளைக் கல்லோரத்தில் வைத்துவிட்டு, வால்வு போட்டதும் தனக்குப் போன் கோல் எடுக்கச் சொன்னார். அதுவரை கோழிக் கொத்தே போடுவதாகவும் சொன்னார்.