இடது ஆறு, வலது ஆறு

சாப்பாட்டு மேசையைப் பார்த்ததும் மார்னிக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. காலையில் மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பும்போது அவள் விரித்துவிட்டுப் போன பன்னிரண்டு துணித் துண்டுகளும் அங்கேயேதான் இருந்தன. ஆனால் இரண்டிரண்டாக, விளிம்போடு விளிம்பு பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் குண்டூசி குத்தியிருந்தது. மேசைக்கடியில் நீலத் துணியின் ஒடிசலான கீற்றுகள் கிடந்தன. பக்கத்து நாற்காலியில் அலுமினியத் தாள் மூடிய ஒரு தட்டு நிறைய எலுமிச்சை பார் இனிப்பு.

யார் வேலை என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சமையலறையில் அம்மா லவோன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் எப்போதும் உண்டு.

"வந்துட்டியா? உன் வேலையில பாதியை முடிச்சு வெச்சிருக்கேன்" என்றாள் லவோன். "வலது பக்கத் துண்டு ஆறையும் தப்பா வெட்டியிருந்தே. இடது பக்கத்தோட சேர்த்து வெச்சு நறுக்கி நேர் பண்ணிட்டேன்."

மார்னி கைப்பையைக் கீழே வைத்தாள்.

இரண்டு மாத உழைப்பு அது. தங்கை பிரிட்டாவுக்கு வரும் சனிக்கிழமை கல்யாணம். மார்னிதான் மணப்பெண்ணோடு நிற்கும் முதல் தோழி. ஏரி நீலத்தில் எதை வேண்டுமானாலும் உடுத்திக்கொள் என்று தங்கை சொல்லியிருந்தாள். மார்னி கார்செட் என்கிற இறுக்கமான மேல்சட்டை ஒன்றைத் தைத்து, அதே நிறப் பாவாடையோடு போட்டுக்கொள்வது என்று முடிவுசெய்தாள். உள்ளே எஃகுப் பட்டைகள் வைத்து, முதுகில் கயிறு கோத்து இறுக்குகிற அசல் கார்செட். கடையில் வாங்கிய எந்தச் சட்டையும் அவளுக்கு இதுவரை ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. அவள் முதுகெலும்பு வளைந்தது. வலது விலா பின்பக்கம் புடைத்திருக்கும். சட்டை ஒரு பக்கம் பிதுங்கும், மறுபக்கம் தொளதொளவென்று தொங்கும். பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுவரை முதுகை நிமிர்த்தும் பிளாஸ்டிக் கூடு ஒன்றுக்குள் தூங்கி எழுந்தவள் அவள். இப்போது முப்பத்தாறு. ஒரு துணியாவது தன் உடம்பிருக்கும் இடத்துக்கு வரட்டும் என்று நினைத்தாள்.

அதனால்தான் வலது ஆறும் இடது ஆறும் வேறு வேறாக இருந்தன. இடது துண்டு ஒல்லி, வலது துண்டு அகலம். தையல்களின்மேல் துருச் சிவப்பு நூலால் இரட்டைத் தையல் போடுவதாக இருந்தாள். முதுகு எங்கே வளைகிறதோ அங்கே நூலும் வளையும், நீலத்தின்மேல் பளிச்சென்று தெரியும்.

அம்மா பயந்தது அதற்குத்தான். சர்ச்சில் தோழிகள் மேடைப்பக்கம் திரும்பி நிற்பார்கள். முக்கால் மணி நேரம் ஊர் முழுக்க அவர்கள் முதுகைத்தான் பார்க்கும். சேதி தெரிந்த நாளிலிருந்து லவோன் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். மேலே ஒரு சால்வை போட்டுக்கொள்ளேன், பள்ளமான பக்கத்தில் கொஞ்சம் பஞ்சு வைத்துத் தையேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். மார்னி ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேச்சில் நடக்காததைக் கத்தரி நடத்திவிட்டது.

"தப்பா வெட்டலை" என்றாள் மார்னி. "என் அளவு அது. உனக்கு அது நல்லாவே தெரியும்."

லவோன் அசரவில்லை. நாற்பது வருஷம் ஊருக்கே தைத்தவள் தான் என்றும், இடதையும் வலதையும் சேர்த்து வைத்து வெட்டுவது இந்தத் தொழிலில் முதல் பாடம் என்றும் சொன்னாள். துணி நேராக இருந்தால் உடம்பும் நேராகத் தெரியும், இது ஊரறிந்த விஷயம் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையைத்தான் மார்னியால் பொறுக்க முடியவில்லை.

ஊசிகளைப் பிடுங்கித் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தாள். இடது ஆறும் பிழைத்திருந்தன. வலது ஆறும் போயின. அளவு வரைந்த காகித மாதிரியும் துணியோடு சேர்த்துக் குத்தியிருந்ததால் லவோன் அதையும் ஒட்டிச் சேர்க்க முடியாதபடி நறுக்கியிருந்தாள். அதுவும் மார்னியின் துணிக் கத்தரியால். துணிக் கத்தரியால் காகிதத்தை வெட்டி அதை மழுங்கடித்ததற்காகச் சின்ன வயதில் மார்னியின் விரல்கணுவில் மரக் கரண்டியால் போட்டவள் இதே அம்மாதான்.

சுருளில் மிச்சமிருந்த துணி வலது பக்கத்துக்கு மட்டும் போதும் போலிருந்தது. ஆனால் அளவுக்கு எங்கே போவது? போன மாதம் தோழி ஜோலின்தான் உதவினாள். பழைய பனியனைப் போட்டு, அதன்மேல் உடம்பைச் சுற்றி டக்ட் டேப் என்னும் வெள்ளி நிற ஒட்டு நாடாவை இறுக்கி ஒட்டி, கோடுகள் வரைந்து, முன்பக்கம் வெட்டிக் கழற்றினால் உடம்பின் அச்சு அப்படியே கையில் வந்துவிடும். அதைத் துண்டு துண்டாக வெட்டிக் காகிதத்தில் அளவு எடுத்ததும், டேப் துண்டுகளை மார்னி குப்பையில் போட்டுவிட்டாள். ஜோலின் இப்போது போன் எடுக்காத காட்டு ஏரியில் படகு வலித்துக்கொண்டிருக்கிறாள். பிரிட்டா சர்ச்சில் பூச்சரம் தொங்கவிடுகிறாள். இன்று வியாழன். தன் முதுகுக்குத் தானே டேப் ஒட்டுகிற வித்தை யாருக்கும் வராது. வீட்டில் இருந்த மற்ற இரண்டு கைகளும் இந்தக் காரியத்தைச் செய்த கைகள்தான்.

அம்மாவை வாசலோடு அனுப்பிவிட்டு, சனிக்கிழமை ஏதாவதொரு சாக்குப்பை கவுனை மாட்டிக்கொண்டு நிற்கலாம். அப்படிச் செய்தால் அம்மா நினைத்தது நடந்துவிடும். அது மட்டும் நடக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இங்கே வா" என்றாள். "நீ கெடுத்ததை நீயே எடுத்துக் கொடு. நான் சொல்றதை மட்டும் செய்யணும். உன் யோசனை எதுவும் எனக்கு வேண்டாம்."

லவோன் முகம் சுண்டியது. இருந்தாலும் வந்தாள். மார்னி பழைய பனியனை மாட்டிக்கொண்டு சன்னலோரம் கைகளை விரித்து நின்றாள். அம்மா டேப்பைக் கிழித்துக் கிழித்து ஒட்டினாள். கை திறமையான கைதான், அதில் குறை சொல்ல முடியாது. சுருக்கமில்லாமல், மூச்சுவிட இடம் வைத்து, கால் மணி நேரத்தில் இடுப்பிலிருந்து தோள்பட்டைவரை வெள்ளிச் சட்டையாகச் சுற்றிவிட்டாள்.

"இப்ப முதுகெலும்புக் கோடு போடணும்" என்று மார்னி பேனாவைப் பின்னால் நீட்டினாள். டேப்புக்கு மேலே எலும்பு சட்டென்று கைக்குத் தட்டுப்படாது. ஜோலின் ஒவ்வொரு முடிச்சாக அழுத்திப் பார்த்து, இரண்டு முறை அழித்து, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். "அவசரப்படாதே. கழுத்துக்குக் கீழே விரலை வெச்சு அழுத்து. ஒரு எலும்பு, ஒரு புள்ளி. அப்படியே..."

"போட்டாச்சு" என்றாள் லவோன்.

நேர்க்கோடு இழுத்திருப்பாள் என்றுதான் மார்னி நினைத்தாள். ஒரே இழுப்பு, பேனாவின் சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. கத்தரியைப் பிடுங்கி முன்பக்கத்தைத் தானே வெட்டிக் கழற்றி மேசைமேல் விரித்தாள்.

கோடு நேராக இல்லை. தோள்பட்டைக்குக் கீழே வலப்பக்கம் விலகி, விலா முடியும் இடத்தில் திரும்பி, இடுப்பில் இடப்பக்கம் சாய்ந்து இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் மார்னி எத்தனையோ தடவை பார்த்த அதே வளைவு. ஒரு இடத்தில்கூடப் பிசகில்லை.

"தொட்டுக்கூடப் பார்க்கலையே" என்றாள். "எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாதா? உன் ஒன்பது வயசுலேர்ந்து இந்த முதுகுக்குத் தைக்கிறேனே" என்றாள் லவோன், டேப் சுருளின் நுனியை நகத்தால் சுரண்டியபடி. "அந்த வருஷம் ஈஸ்டர் கவுனுக்கே வளைவு தெரியாம ஒரு பக்கம் அரை அங்குலம் இறக்கிவிட்டேன். வருஷா வருஷம் இறக்கினேன். யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பதின்மூன்று வயதில் பள்ளிக்கூட நர்ஸ்தான் கண்டுபிடித்தாள். உடற்பயிற்சி வகுப்பில் எல்லாப் பெண்களையும் குனியச் சொல்லி, மார்னியை மட்டும் தனியே நிறுத்தினாள். மூன்று நான்கு வருஷம் முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் இவ்வளவு வளைந்திருக்காது என்றார் டாக்டர். எங்கள் கண்ணில் படவே இல்லை டாக்டர் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுகிற அம்மாவை அன்று தேற்றியது மார்னிதான்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் மார்னி. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நாலு வருஷம் தெரிஞ்சிருக்கு."

"பயமா இருந்துது. தைச்சே சமாளிச்சுடலாம்னு நெனச்சேன்." லவோன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "வளர்ந்தா சரியாயிடும்னு நெனச்சேன், மார்னி."

மன்னிக்கவேண்டும் என்று மார்னிக்குத் தோன்றவே இல்லை. இருபத்து மூன்று வருஷமாகத் தன் உடம்பின்மேல் கொண்டிருந்த கோபம் அத்தனையும் இப்போது இடம் மாறி நின்றது. வெள்ளி அச்சை எடுத்து, வலப்பக்கத்தைக் கத்தரித்து, மிச்சத் துணியின்மேல் பரப்பினாள்.

கொஞ்ச நேரம் கழித்து லவோன், வலது பக்கத்தையாவது தான் தைத்துத் தரட்டுமா என்று கேட்டாள். கிட்டத்தட்டக் கெஞ்சினாள்.

"சாவியைக் கொடுத்துட்டுப் போ" என்றாள் மார்னி, நிமிராமல். "சனிக்கிழமை முதல் வரிசையில உட்காரு. உனக்கு நேரா நிப்பேன். முக்கால் மணி நேரமும் பார்த்துக்கிட்டே இரு."