சித்தப்பா வந்தால் மழை

நிருபம் போகிற விசேஷத்தில் மழை கொட்டும் என்று வங்காளத்து நவத்வீபத்தில் அவன் சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள். தங்கை கல்யாணத்தில் பந்தல் ஒழுகியது. அண்ணன் ஹரிசாதனின் கிரகப்பிரவேசத்தில் முற்றம் குளமானது. அவன் போய் வெயில் காய்ந்த விசேஷங்களும் உண்டு. அவை யார் வாயிலும் வரவில்லை.

அவன் மனைவி சுதபா கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுப்பவள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். ஹரிசாதனின் மகள் ஜூதிகாவுக்கு மழைக்காலமான ஸ்ராவண மாதத்தில் கல்யாணம் நிச்சயமானதும் நிருபம் தானாகவே சொன்னான்: "நான் வரலை சுதபா. கொழந்தை கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் புது ஜிப்பாவை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கமே நின்றான். சுதபா மட்டும் போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் படகை விட்டு இறங்குவதற்குள் வானம் பொத்துக்கொண்டது. மாப்பிள்ளையின் நெட்டிக் கிரீடம் ஊறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சங்கு ஊதவேண்டிய பெண்கள் மீன்குழம்பு அண்டாவை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

சுதபா ஹரிசாதன் பக்கத்தில் போய் நின்றாள். "இன்னிக்கு இந்த மழையைக் கூட்டிட்டு வந்தது யாரு அண்ணா?"

அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார். "வீட்ல உக்காந்து மனசு நொந்திருப்பான். அதான் கொட்டுது."

"வந்தாலும் அவரால மழை, வராட்டியும் அவரால மழை. எப்படி இருந்தா அவர் மேல பழி இல்லைன்னு ஆகும்? அதை மட்டும் சொல்லிடுங்க."

ஹரிசாதன் மறுபடியும் வேட்டியைப் பிழிந்தார். மாப்பிள்ளை முகம் பார்க்கும் சடங்குவரை விலக்கக்கூடாத வெற்றிலையால் முகத்தை மறைத்து மணையில் உட்கார்ந்திருந்த ஜூதிகா களுக்கென்று சிரித்தாள்.

"ஸ்ராவணத்துல நாள் குறிச்சது நீங்க அப்பா. பழி போடணும்னா உங்க மேலதான் போடணும். போய் சித்தப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அவர் வராம நான் வெத்தலையை எடுக்க மாட்டேன்."

மாப்பிள்ளை வீட்டார் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஹரிசாதன் ஒரு குடையைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே குடைக்குள் வந்து சேர்ந்தார்கள். மழை விடவில்லை. ஜூதிகா வெற்றிலையை விலக்கினாள். குலவைச் சத்தத்தில் மழைச் சத்தம் அமுங்கிப்போனது.

பந்தியில் சுதபா மெதுவாகக் கேட்டாள். "வழியில அண்ணா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை," என்றான் நிருபம். "குடையை எம்பக்கமே சாச்சுப் பிடிச்சுக்கிட்டு, தான் நனைஞ்சுக்கிட்டே வந்தார்." பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு துண்டு மீன் கேட்டான்.