பதினைந்து கோடு

தாஹா காபியைக் குடித்துவிட்டு டபராவை மேசையில் வைத்தான். வைக்கும்போதே அதன் அடியில் ஒரு பத்து ரூபாய்க் காசு போய்விட்டது. ஜோதி அதைப் பார்க்கவில்லை. அவனுடைய சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுக்கை எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"பழக்கம்க்கா."

"மடிச்சு விடுங்க."

முழங்கைக்கு மேல் மடித்துவிட்டான்.

ஜோதியின் மெஸ் ஸ்ரீரங்கத்தில், தெற்கு வாசலை ஒட்டிய சந்தில் இருந்தது. சனி, ஞாயிறுகளில் வெளியூர்க் கூட்டம் இடத்துக்காக வாசலில் நிற்கும். குழந்தைகள் அழும். பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். நிற்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் காசு வித்தை காட்டி நிறுத்திவைக்கிறேன் என்று கேட்டு வந்திருந்தான் தாஹா. மாமா குத்புதீன் ஷார்ஜாவில் கடை வைத்திருந்தார். அவனுக்கு அங்கே போக விசாவும் வந்துவிட்டது. இங்கேயே நிலையாக ஓரிடம் கிடைத்தால் போக வேண்டாம் என்று அம்மா ஒத்துக்கொண்டிருந்தாள். மற்ற ஹோட்டல்களில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இது ஒன்றுதான் பாக்கி.

அவனிடமிருந்த சாமானும் ஒன்றுதான். பத்து ரூபாய்க் காசின் ஓடு. மும்பையிலிருந்து வரவழைக்க அவனுக்குக் கட்டுப்படியாகாது. பாலக்கரையில் ஒரு லேத் பட்டறையில் நிஜக் காசைக் கொடுத்துக் கடைந்து வாங்கியது. ஒரு பக்கம் சிங்கம், சுற்றிலும் விளிம்பு, உள்ளே பள்ளம். சிங்கம் தெரிய வைத்தால் முழுக் காசு. இன்னொரு காசின் மேல் கவிழ்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

"காசு நீங்கதான் தரணும்க்கா. பத்து ரூபா காசு."

சமையல்கட்டிலிருந்து மருதை கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அக்கா, மோதிரத்தைக் கழட்டி உள்ள வெச்சுட்டு வாங்க."

"நீ சும்மா இரு."

ஜோதி கல்லாவைத் திறக்கவில்லை. மேசைக்குக் கீழிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தாள். அதிலிருந்து ஒரு காசு கொடுத்தாள்.

தாஹா அதை இடது உள்ளங்கையில் வைத்தான். பக்கத்தில் தன் ஓட்டை வைத்தான். இரண்டு சிங்கங்கள்.

"ஒண்ணு உங்களுது. ஒண்ணு என்னுது."

கையை மூடினான். திறந்தான். ஒன்றுதான் இருந்தது.

"அடப்பாவி" என்றான் மருதை.

"அந்தக் கையைத் திருப்புங்க" என்றாள் ஜோதி.

வலது கையைத் திருப்பினான். வெறும் கை.

"உங்க காசு டபராவுக்கு அடியில இருக்குக்கா."

ஜோதி டபராவைத் தூக்கினாள். காசு இருந்தது. மருதை தொடையில் தட்டிச் சிரித்தான். ஜோதி சிரிக்கவில்லை. காசை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். உதடுகள் அசைந்தன.

"இது என் காசு இல்லை."

"எல்லாக் காசும் ஒரே மாதிரிதானேக்கா."

"நான் குடுத்தது பதினஞ்சு கோடு. இதுல பத்துதான் இருக்கு."

பத்து ரூபாய்க் காசில் எண்ணுக்கு மேலே கோடுகள் இருக்கும். சிலவற்றில் பத்து, சிலவற்றில் பதினைந்து. பதினைந்து கோடு கள்ளக் காசு என்று எப்போதோ ஒரு பேச்சு கிளம்பியது. எல்லாம் செல்லும் என்று பேங்க்கில் சொன்னார்கள். ஜோதி நம்பவில்லை. கோட்டை எண்ணிப் பார்க்காமல் ஒரு காசையும் கல்லாவில் போடமாட்டாள். தப்பி வந்தவை டின்னுக்குப் போகும். வைகுண்ட ஏகாதசியன்று டின்னோடு கொண்டுபோய்ப் பெருமாள் உண்டியலில் கொட்டிவிடுவாள்.

தாஹா எப்போதும் சிங்கத்தைத்தான் பார்த்துப் பழகியிருந்தான். காசின் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

"கள்ளக் காசைக் குடுத்தா நல்ல காசு வருது. பரவாயில்லையே" என்றான் மருதை.

"இன்னைக்கு நல்லதைக் குடுப்பாரு. அப்புறம் கூட்டத்துல என் கஸ்டமர்கிட்ட எதைக் குடுப்பாரோ. மருதை, வாசல்ல நில்லு. தம்பி, கையில இருக்கறதைக் குடுங்க."

ஓட்டைக் கழற்றிக் காட்டினால் உண்மை விளங்கிவிடும். வித்தையும் போய்விடும். அது மட்டுமல்ல. ஓடு என்பது வெட்டிய காசு. வெட்டிய காசைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கள்ளக் காசு மாற்றுகிறவன் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து ஜோதியின் கையில் வைத்தான்.

ஜோதி திருப்பினாள். அந்தப் பக்கத்தில் ஓடு இல்லை, அவளுடைய காசின் முதுகுதான் இருந்தது. எண்ணினாள். பதினைந்து.

"இதுதான் என்னுது."

ஜோதி டபராவைப் பார்த்தாள்.

"அப்ப டபராவுக்கு அடியில போனது உங்களுது. ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"நீங்க பாக்கறீங்களான்னுதான்க்கா."

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கண்ணை எடுக்கலையே. எப்படிப் போச்சு?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

ஜோதி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சனி, ஞாயிறு சாயங்காலம் வாங்க. முழுக்கை கூடாது. கல்லாப் பக்கம் வரக்கூடாது. என் கண்ணுக்கு எதிர்ல நின்னுதான் பண்ணணும்."

"எத்தனை நாளைக்குக்கா?"

"நான் கண்டுபிடிக்கிற வரைக்கும்."

தாஹா கையை நீட்டினான். "அந்தக் காசு..."

"இது என்னுது. உங்களுது இந்தாங்க." பத்துக் கோட்டுக் காசை அவன் கையில் வைத்தாள். தன்னுடையதை டின்னில் போட்டாள்.

டின்னுக்குள் சத்தம் இரண்டு முறை கேட்டது.

ஜோதி டின்னைக் காதருகே கொண்டுபோனாள். "மருதை, நான் ஒண்ணுதானே போட்டேன்?"

"ஒண்ணுதான்க்கா."

தாஹாவின் வெறும் கைகளைப் பார்த்தாள். டின்னை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சனிக்கிழமை சீக்கிரமே வாங்க" என்றாள்.

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது மாமாவுக்கு, வரவில்லை என்று செய்தி அனுப்பினான். பாலக்கரைக்கு டிக்கெட் எடுத்திருந்தான். சட்டைப்பையில் பத்துக் கோட்டுக் காசு. அது லேத்துக்கு, இன்னொரு ஓடு கடைய.

கண்டக்டர் மீதி கொடுத்தார். அதில் ஒரு பத்து ரூபாய்க் காசு. தாஹா திருப்பிப் பார்த்து எண்ணத் தொடங்கினான்.

"செல்லும்ங்க. வேணாம்னா நோட்டாத் தரேன்."

பதினைந்து. இது டபராவுக்கு அடியில் வைக்க.

"இல்லைங்க. இதுதான் வேணும்."

கண்டக்டர் இரண்டடி போனார். நின்றார். திரும்பி வந்து கையை நீட்டினார்.

"அதைக் கொஞ்சம் காட்டுங்க."