ரேடியோவுக்குத் தைத்த பட்டுச் சட்டை

நாகல் நகரில் அப்பாஸ் தன் ரேடியோ ரிப்பேர் கடையைத் திறந்து, வாங்கி வைத்த டீயை வாயில் வைப்பதற்குள் சாணார்பட்டி கண்ணுசாமியும் அவர் மனைவி முத்துப்பேச்சியும் வந்து நின்றார்கள். கண்ணுசாமியின் தோளில் ஒரு பெரிய வால்வு ரேடியோ, சிவப்புப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, திருவிழா பார்க்க வந்த குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பாய், இன்னிக்குச் சாயங்காலம் திருச்சி ரேடியோவுல எங்க நடவுப் பாட்டு வருது," என்றாள் முத்துப்பேச்சி. "நானும் எங்க தெருப் பொம்பளைகளும் போயிப் பாடிட்டு வந்தோம். ஒரு தடவதான் போடுவாகளாம். எங்க தெருவுக்கே இந்த ஒரு பொட்டிதான். அது என்னடான்னா, உறுமிக்கிட்டே கெடக்கு."

"எப்படிக்கா உறுமுது?"

"இவுக தூங்குற மாதிரி."

"தொட்டா உறுமும். இவ எந்நேரமும் பொட்டியத் தொட்டுக்கிட்டே இருந்தா உறுமாதா?" என்றார் கண்ணுசாமி.

அப்பாஸ் பட்டுச் சட்டையைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு ரேடியோவை ஓடவிட்டான். செய்தி வாசிப்பவர் குரலுக்கு அடியில் 'உர்ர்' என்று ஒரு சத்தம். குமிழைத் திருப்பிச் சத்தத்தை முழுக்கக் குறைத்தான். குரல் நின்றது, உறுமல் நிற்கவில்லை. அவனுக்குச் சந்தோஷமாகிவிட்டது. ஸ்டேஷனைப் பிடிக்கும் பக்கத்தில் பழுது என்றால் உறுமலும் சேர்ந்தல்லவா அடங்க வேண்டும்? அப்படியென்றால் கோளாறு கரண்டைச் சீராக்கி அனுப்பும் பக்கத்தில்தான்.

"அண்ணே, கிணத்துல மாடு கட்டி இழுக்குற கமலையில சால் மேல வந்து கவுந்தா தண்ணி குபுக்குன்னு வருது, அப்புறம் நிக்குது. ஆனா தொட்டியில தேங்கிப் போனா வாய்க்கால்ல ஒரே சீராப் போகுதுல்ல? இதுக்குள்ள கரண்டும் குபுக்கு குபுக்குன்னுதான் வருது. அதைத் தேக்கி அனுப்புற தொட்டிதான் இந்தக் கண்டென்சர். தொட்டி தூந்துபோனா, அந்தக் குபுக்குதான் உறுமலாக் கேக்கும்..."

"தொட்டியத் தூர் வாரணுமா, மாத்தணுமா? அதச் சொல்லுங்க பாய்."

"சந்தேகம் தீரட்டும்க்கா."

கம்பியைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நின்று ஆளை உதறிவிடும் என்பதால், ஒரு பல்பை இணைத்து அதை வடித்தான். தன் கடை ரேடியோவிலிருந்து நல்ல கண்டென்சர் ஒன்றைக் கழற்றி, பழையதன் இரு முனைகளிலும் நேருக்கு நேராகக் கோத்து, மறுபடி ஓடவிட்டான். வால்வுகள் மெல்லச் சிவந்தன. நாதஸ்வரம் மட்டும் வந்தது. உறுமல் போன இடம் தெரியவில்லை.

"மாத்தணும். புதுசு மதுரையிலருந்துதான் வரணும். இப்போதைக்கு என்னுதே போகட்டும்."

பழையதை எடுத்துவிட்டுத் தன்னுடையதை ஈயத்தால் பற்றவைத்து, மதியம் வரை ஓடவிட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சூடேறவில்லை. ஆனால் வாங்கி இரண்டே வருஷமான பெட்டியில் இது ஏன் போனது என்ற கேள்வி மட்டும் அவனை விடவில்லை.

முத்துப்பேச்சி ரேடியோவுக்குச் சட்டையை மாட்டத் தொடங்கினாள். முன்பக்கம் மட்டும் திறந்திருந்தது. முதுகை முழுக்க மூடி இறுக்கித் தைத்திருந்தாள்.

"அக்கா, பாடும்போதும் இது மேலதான் இருக்குமா?"

"பின்னே? தூசி படாதா? கல்யாணச் சேலையில தச்சது."

அப்பாஸ் சிரித்துவிட்டான். "முதுகுல இருக்குற ஓட்டையெல்லாம் வால்வு சூடு வெளிய போறதுக்குக்கா. கண்டென்சருக்குள்ள ஈரப்பசை இருக்கு. நீங்க ரெண்டு வருஷமா அதுக்கு வேது பிடிச்சிருக்கீக. வத்திப்போச்சு."

"கேட்டுக்க," என்றார் கண்ணுசாமி. "நான் துண்டை மேல வச்சதுனாலதான் கெட்டுப்போச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிவச்சா, பாய்."

முத்துப்பேச்சி சட்டையை உருவி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திரிங்க."

கடை ரேடியோ ஊமையாகிவிட்டதால் பாட்டைக் கேட்க அப்பாஸுக்கு வேறு வழியில்லை. கடையைப் பூட்டிவிட்டு, பஸ்ஸில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அவர்களோடு போனான்.

சாயங்காலம் தெருவே முத்துப்பேச்சி வீட்டு வாசலில் இருந்தது. வால்வுகள் சூடாகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அப்பாஸ்கூட விளக்கம் சொல்லவில்லை. அறிவிப்பு வந்தது, பின்னால் பாட்டு வந்தது. வரிக்கு வரி 'கிலுக்' என்று ஏதோ ஒலித்தது. அப்பாஸ் திடுக்கிட்டு ரேடியோவின் முதுகில் காதை வைத்தான்.

"அது பொட்டி இல்ல பாய், என் வளையல்," என்று கிசுகிசுத்தாள் முத்துப்பேச்சி. "ஸ்டேஷன்ல கழட்டிட்டுப் பாடச் சொன்னாக. நான் கழட்டல."

உறுமல் இருந்திருந்தால் வளையல் கேட்டிருக்காது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பாட்டு முடிந்து தெரு ஆரவாரித்தபோது, அவள் பழக்கத்தில் சட்டையை எடுத்துக்கொண்டு ரேடியோவிடம் போனாள். பாதி வழியில் நின்றாள். சட்டையைத் திருப்பி, முதுகுப்பக்கத் தையலைப் பல்லால் கடித்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.